பாத்தி நிரம்பும் நேரத்தில் மனசுக்கும் ஓய்வு

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை நேர்த்தி, மேலுரம், பூச்சிமருந்து என்றே கேட்டுப் பழகிய உங்களுக்கு இன்றைய தலைப்பு கொஞ்சம் புதுசாக இருக்கும். தியானம். 'என்னப்பா இது, விவசாய ஆபீசர் சாமியார் ஆயிட்டாரா?' என்று சிரிக்காதீங்க. பயிரைப் பார்க்கிறவர் தலை தெளிவாக இருந்தால்தான் பயிரும் தப்பும். அதனால் இதுவும் வேளாண்மைப் பாடம்தான்.

விவசாயிக்குக் கவலை கொஞ்சமா? மழை வரவில்லை என்றால் ஒரு கவலை. அறுப்பு நேரத்தில் வந்தால் இன்னொரு கவலை. பாங்கிக் கடன், கூலி ஆள், நெல் விலை, பிள்ளையின் படிப்புச் செலவு. கவலைப்படும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? வரப்பில் பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலோட்டமாக ஓடுகிறது. உடம்பு அட்ரினலின் என்ற சுரப்பை இரத்தத்தில் கலக்கிறது. பாம்பு போனதும் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் கடன் கவலை பாம்பு மாதிரி புதருக்குள் போய்விடுவதில்லை. இரவு படுத்தாலும் கூடவே படுக்கிறது. படபடப்பு அடங்காமலே நாள்கணக்கில் நீடித்தால் தூக்கம் போகும், எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். அந்த நிலையில் எடுக்கிற முடிவும் கோணலாகத்தான் இருக்கும்.

இதை அடக்க நம் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது. அதுதான் மூச்சு. மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இதயத் துடிப்பும் சற்றுத் தணிகிறது. நம் சித்தர்கள் நெடுங்காலம் முன்பே மூச்சை அளந்து விடக் கற்றுத் தந்தார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், இப்படி அமைதியாக மனத்தை ஒன்றில் நிறுத்தினால் நாடியும் மூச்சும் தணிகின்றன என்று 1975-ல் ஒரு நூலே எழுதினார். ஐக்கிய நாடுகள் சபை டிசம்பர் 21-ஆம் தேதியை உலகத் தியான நாளாக 2024-ல் அறிவித்தது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும், கும்பிடாதவரும் செய்யலாம்.

சரி, எப்படிச் செய்வது? மூக்கு வழியாக மூச்சை உள்ளே இழுக்கும்போது மனசுக்குள் 4 எண்ணுங்கள். வெளியே விடும்போது 6 எண்ணுங்கள். இது ஒரு மூச்சு. ஏறக்குறைய 10 விநாடி ஆகும். கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு வாருங்கள். விரலுக்கு 3 கணு, ஆக 12 கணு, 12 மூச்சு. இரண்டே நிமிஷம். கடிகாரமும் வேண்டாம், செல்போனும் வேண்டாம். 4, 6 கஷ்டமாக இருந்தால் 3, 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம்.

இடையில் மனசு ஓடிவிடும். உர மூட்டைக்குப் போகும், பங்காளி சண்டைக்குப் போகும். அதனால் 'நமக்கு இது வராது' என்று விட்டுவிடாதீங்க. முளைக்குச்சியில் கட்டிய கன்று கயிற்றை இழுக்கத்தான் செய்யும். அதற்காகக் கன்றை அடிக்கிறோமா? திரும்பக் கொண்டுவந்து கட்டுகிறோம். மூச்சுதான் முளைக்குச்சி. மனசு ஓடினது தெரிந்ததும் திரும்ப அங்கே கொண்டுவருவதுதான் பயிற்சியே.

'சார், விடிஞ்சா வேலை, அடைஞ்சா தூக்கம். எங்களுக்கு ஏது நேரம்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. மாங்கன்றில் ஒட்டுக் கட்டுகிற மாதிரி, ஏற்கெனவே செய்கிற வேலையோடு இதை ஒட்டிவிடுங்கள்.

முதலாவது, தண்ணீர் பாய்ச்சும் நேரம். மடையைத் திருப்பிவிட்டால் பாத்தி நிரம்பும் வரை நிற்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் செல்போனை எடுக்காமல், மேட்டில் உட்கார்ந்து 12 மூச்சு எண்ணுங்கள்.

இரண்டாவது, பால் கறக்கும் நேரம். கறக்கிறவர் கத்தி, தட்டி மாட்டை மிரட்டினால் அது பாலை அடக்கிக்கொள்ளும். இது கால்நடை விஞ்ஞானமும் ஒப்புக்கொண்ட உண்மை. மடியைக் கழுவியதும் மூன்று மூச்சு நிதானமாக விட்டுவிட்டு, பாத்திரத்தில் பால் விழும் சத்தத்திலேயே காதை வையுங்கள். மாட்டுக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

மூன்றாவது, வயலுக்கு நடக்கும் நேரம். மூச்சை எண்ண வேண்டாம், காலடியைக் கவனியுங்கள். கண்ணைத் திறந்துதான் நடக்க வேண்டும். கவனத்தோடு நடப்பவர் விரியன் பாம்பை மிதிக்கிற ஆபத்தும் குறைவு.

சகோதரிகளுக்கு அடுப்படி இருக்கிறது. குக்கர் மூன்று விசில் வருவதற்குள் 12 மூச்சு முடிந்துவிடும்.

அடுத்து, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பக்கத்து வயல்காரர் மருந்து தெளிக்கிறார். உடனே நமக்குப் பதற்றம். கடைக்கு ஓடி, கொடுத்ததை வாங்கி வந்து அடிக்கிறோம். ஓடுவதற்கு முன் வரப்பில் உட்கார்ந்து 2 நிமிஷம் மூச்சு விடுங்கள். பிறகு வயலில் குறுக்காக நடந்து 20 குத்துகளை விலக்கித் தூரடியைப் பாருங்கள். புகையான் தூருக்கு ஒன்று இருந்தால்தான் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். இலைச்சுருட்டுப் புழுவுக்கு, வளரும் பருவத்தில் 100-க்கு 10 இலை சேதம். பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 100-க்கு 5. அதற்குக் கீழே இருந்தால் காத்திருக்கலாம். பதற்றத்தில் அடித்த மருந்து சிலந்தியையும் தட்டானையும் கொன்றுவிட்டால், புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகும். காசும் போச்சு, பயிரும் போச்சு. மருந்து தெளிக்கும்போதோ, தெளித்த வயலிலோ மட்டும் இந்த மூச்சுப் பயிற்சி கூடவே கூடாது.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பும் இதே 2 நிமிஷம் பழகுங்கள். வட்டி எவ்வளவு, தவணை எப்போது என்று கேட்கத் தோன்றும். மடைத் தகராறில் மண்வெட்டி கையில் இருக்கும்போது ஒரே ஒரு நீண்ட மூச்சு போதும். கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்கில் நிற்கும் செலவு மிச்சம்.

இரவு தூக்கம் வராவிட்டால் புரண்டு புரண்டு கணக்குப் போடாதீங்க. வயிற்றின் மேல் ஒரு கையை வைத்து, அது ஏறி இறங்குவதை மட்டும் கவனியுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தியானம் மழையைக் கொண்டுவராது, கடனைத் தள்ளுபடி செய்யாது. அதற்கு வேறு வழிகளைத் தேட வேண்டும். தேடுகிற தலையைத் தெளிவாக வைத்திருப்பதுதான் இதன் வேலை. இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால், 'நான் இருந்து என்ன பயன்?' என்று சொன்னால், தியானம் செய் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணம் இல்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம். இன்னொன்று, பூச்சிமருந்தை வீட்டு மாடத்தில், கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். பெட்டியில் பூட்டுங்கள், மனம் நொந்தவர் வீட்டில் இருந்தால் சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். ஒரு நிமிஷக் கசப்பில் கை நீளும் இடத்தில் மருந்து இல்லாததே ஓர் உயிரைக் காப்பாற்றும்.

நாளைக்கே எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம். நான் சொன்ன வேலைகளில் உங்களுக்குத் தோதான ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு வாரம் விடாமல் செய்து பாருங்கள். சுலபமாக இருந்தால் அடுத்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 12 கணுக்களும் எப்போதும் உங்கள் கையிலேயேதான் இருக்கின்றன.