ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு தர்மம்

 

வல்ல இறைவனைப் புகழ்ந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறி, இந்த வாரம் நம் உடலின் எலும்புகளைப் பற்றிப் பேச விழைகின்றேன். ஜும்ஆ மேடையில் எலும்பைப் பற்றி என்ன பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். வாலிகண்டபுரத்திலும் சுற்றுவட்டாரப் பள்ளிகளிலும் தொழுகையின் பின்வரிசையில் நாற்காலிகள் கூடிக்கொண்டே வருவதை நீங்களும் பார்க்கின்றீர்கள்.

மனிதன் 360 மூட்டுகளுடன் படைக்கப்பட்டுள்ளான் என்றும், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மூட்டுக்காகவும் அவன் தர்மம் செய்ய வேண்டும் என்றும் நபிமொழிகள் உணர்த்துகின்றன. ளுஹா நேரத்து இரண்டு ரக்அத் அதற்கு ஈடாகும். மக்கள் நடக்கும் பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் அந்தத் தர்மத்தில் சேரும். இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 300 எலும்புகள். வளர வளரப் பல ஒன்றோடொன்று இணைந்து, பெரியவர்களிடம் 206 ஆகின்றன. இவற்றில் பாதிக்கு மேல், அதாவது 106 எலும்புகள், இரு கைகளிலும் இரு பாதங்களிலும் மட்டுமே உள்ளன. மண்டையோடு மூளையைக் காக்கின்றது. விலா எலும்புகள் இதயத்தையும் நுரையீரலையும் சூழ்ந்து நிற்கின்றன. எலும்பின் உள்ளே இருக்கும் சிவப்பு மஜ்ஜையோ நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகின்றது. உடம்பிலுள்ள சுண்ணாம்புச்சத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலுமே சேமிக்கப்பட்டுள்ளது. இரத்தத்தில் அது குறையும்போது உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கின்றது.

நம் பக்கத்து அரியலூர் மாவட்டத்தின் கல்லமேட்டில் கிடைத்த ஒரு மாபெரும் டைனோசரின் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு அறிஞர்கள் 1987-ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார்கள். அதன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம்! ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த அந்த எலும்புகள் வெளியே வந்தபின் நொறுங்கிப் பொடிந்துபோயின. இறந்த எலும்பு தன்னைத் தானே சீர்செய்துகொள்ளாது. நம் எலும்போ உயிருள்ளது. பழைய பகுதி கரைகின்றது, புதியது கட்டப்படுகின்றது. பெரியவர்களின் எலும்பில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகின்றது.

ஏறத்தாழ 30 வயது வரை கட்டுதல் மிகுதி; பின்னர் மெல்ல மெல்லக் கரைதல் மிகுதி. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் அது விரைவுபடுகின்றது. ஸக்கரிய்யா (அலை) அவர்கள் தம் முதுமையை இறைவனிடம் முறையிட்டபோது, தலை நரைத்ததற்கு முன்பாக எலும்பு தளர்ந்ததைத்தான் சொன்னார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் வீட்டுப் பெண்கள் பிள்ளைகளைச் சுமந்து, பாலூட்டி, எல்லோரும் உண்டபின் மிச்சத்தை உண்கின்றார்கள். வெயிலும் அவர்கள் மேல் படுவதில்லை. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி, தோலில் வெயில் பட்டே பெரும்பாலும் உண்டாகின்றது. பர்தாவை நான் குறை கூறவில்லை. மறைவான முற்றமும் மொட்டை மாடியும் எதற்கு இருக்கின்றன? 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. பாலும், முள்ளோடு உண்ணும் சிறு மீனும் முதலில் யார் தட்டுக்குப் போகின்றன என்பதை ஆண்களே கவனியுங்கள்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்கின்றேன். முன்பு வேறோர் ஊரில் நான் பணியாற்றிய பள்ளியின் ஹவுள் படியில் பாசி பிடித்திருந்தது. நாள்தோறும் நான் அதைத் தாண்டித்தான் சென்றேன். நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று நாள் கடத்தினேன். நான்காம் நாள் பஜ்ருக்கு வந்த ஒரு முதியவர் அங்கே வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதி முறிந்தது. வீட்டார் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுபவரிடம் கொண்டுசென்றார்கள். கை முறிவுக்கு அது உதவலாம். இந்த முறிவுக்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையே வேண்டும், அதுவும் தாமதமின்றி. படுத்த படுக்கையானால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும். உலக அளவில் இவ்வகை முறிவு ஏற்பட்ட முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர். அந்தப் பெரியவர் நான்கு மாதம் கிடந்தார். ஜனாஸாத் தொழுகையை நான்தான் நடத்தினேன். அவருடைய பிள்ளைகள் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பாதையில் கிடக்கும் இடையூறு என்றால் முள்ளும் கல்லும் மட்டும்தான் என்று அதுவரை நான் ஓதிக்கொடுத்திருந்தேன்.

வரும் வியாழனன்று அஸருக்குப் பின் ஒளூ செய்யும் இடத்தைத் தேய்த்துக் கழுவவிருக்கின்றோம். பிளீச்சிங் பவுடரும் துடைப்பமும் பள்ளியில் உள்ளன, இளைஞர்கள் வாருங்கள். சுவரில் இரண்டு கைப்பிடிகள் பொருத்தவும் ஜமாஅத்தார் இசைந்துள்ளார்கள். வெளியூரில் இதைப் படிப்பவர்கள் தத்தம் பள்ளியின் படிகளை இன்று மாலையே பாருங்கள். வீடு திரும்பியதும், உம்மா இரவில் எழுந்து செல்லும் குளியலறையில் விளக்கு எரிகின்றதா என்பதையும் பாருங்கள்.