வேட்டைக்கு வழிகாட்டுவோன்

வேட்டைக்கு வழிகாட்டுவோன் என்றதும் விலங்கின் அடிச்சுவட்டைத் தேர்ந்தறியும் ஒருவனே நம் மனக்கண்முன் தோன்றுவான். ஆயின் அத்தொழிலிற் பாதி, கூட வரும் மனிதரை அறிவதேயாகும்.

1977ஆம் ஆண்டில் கென்யா அரசாங்கம் வேட்டையைத் தடைசெய்யும்வரை, அந்நாட்டில் இது சிறந்ததொரு தொழிலாயிருந்தது. கடல் கடந்து வந்த செல்வர் பெருந்தொகை கொடுத்து வழிகாட்டியை அமர்த்துவர். கூலி கொடுத்தவர் எசமானர். காட்டினுள்ளோ அவருயிர் கூலி பெற்றவன் கையில். சங்கடமெல்லாம் இங்கேதான் பிறந்தது.

பாளையமிறங்கிய முதல் நாள், விருந்தினரை ஒரு குறிப்பலகையை நோக்கிச் சுடச் சொல்வார்கள். துவக்கின் குறியைச் சரிபார்ப்பதற்கென்றே கூறுவர். உண்மையிற் பார்க்கப்படுபவர் அவரேயாவர். குறி தவறினால் துவக்கைக் குறை சொல்கிறாரா? துவக்கின் வாயைப் பிறர் பக்கம் திருப்பிக்கொண்டு பேசுகிறாரா? இவ்விரண்டையும் கண்டறிந்தால் வரப்போகும் நாட்களைப் பற்றிப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

காயப்பட்ட விலங்கைத் தேடிச் சென்று கொல்வது வழிகாட்டியின் கடன். வெடி பட்ட காட்டெருமை பற்றைக்குள் புகுந்து, தான் சென்ற வழியையே நோக்கி மறைந்து நிற்பதுண்டு. அப்பொழுது, “வெடி பின்புறமாகப் பட்டுவிட்டது” என்று வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்பவரே நல்ல விருந்தினர். “நெஞ்சிலேதான் பட்டது” என்று சாதிப்பவரை நம்பிப் புறப்பட்டால், முதலில் ஆபத்துக்குள்ளாவோர் சுவடு பார்த்து முன்னே நடக்கும் ஆபிரிக்கர். அவர்களுட் பலரின் பெயர்கள் எந்நூலிலும் இடம்பெறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிலிப் பேர்சிவல் இத்தொழிலிற் புகழ்பெற்றவர். 1909இல் முன்னாள் அமெரிக்க சனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட்டுடன் வேட்டைக்குச் சென்றவர். 1933இன் இறுதியில் எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே தம் மனைவியுடனும் நண்பர் ஒருவருடனும் அவரிடம் வந்தார். எதை வேட்டையாடினாலும் நண்பருக்கே பெரியது வாய்த்தது. ‘கூடூ’ எனப்படும் திருகுகொம்பு மானைப் பல நாள் அலைந்து சுட்டுவிட்டு, மகிழ்ச்சி பொங்கப் பாளையம் திரும்பினார் ஹெமிங்வே. அங்கே நண்பர் கொணர்ந்த கொம்பு அதனினும் பெரிதாய்க் கிடந்தது! 1935இல் வெளிவந்த தம் நூலில் அப்பொறாமையை அவர் மறைக்கவில்லை. பேர்சிவலும் அங்கு வேறு பெயரில் உலாவுகிறார். ஒருவரைப் புகழ்ந்தால் மற்றவர் முகம் வாடும். அந்நிலையில் வழிகாட்டிக்கு வாயடக்கமே உற்ற துணை.

அந்நூலில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. ஹெமிங்வேயின் மனைவி ஒரு சிங்கத்தை முதலிற் சுட்டார். அடுத்துச் சுட்டவர் கணவர். சிங்கம் விழுந்தது. துவக்குக் காவுவோரோ சிங்கம் அம்மையாருடையதே என்று சாதித்து, அவரைத் தோளிலே தூக்கிப் பாளையமெங்கும் ஆடிப்பாடினர். இதனைப் பொய்யென்பதா, உபசாரமென்பதா? யான் உபசாரமென்றே கொள்வேன். ஆயினும், காயப்பட்ட விலங்கு பற்றைக்குள் நிற்கும்போது இத்தகைய உபசாரத்துக்கு இடமில்லை.

இருபது ஆண்டு கழித்து, 1953இல், ஹெமிங்வே மீண்டும் கென்யாவுக்கு வந்தார். பேர்சிவல் அப்பொழுது தொழிலைவிட்டு ஓய்ந்திருந்தார். வருகிறவர் எத்தகையவர் என்பதை நன்கறிந்திருந்தும், அவருக்காக மீண்டுமொரு முறை காட்டுக்குப் புறப்பட்டார்.