தாடைக் கட்டியை அலட்சியம் செய்யலாமா?



ஜொகூரில் குளுவாங், சிகாமாட் வட்டாரங்களில் செம்பனை நிழலில் மாடு மேய்க்கும் குடும்பங்களுக்கு ஒரு கறவைப் பசு என்பது சம்பளத்துக்கு மேல் வரும் வருமானம். அதன் தாடையில் சிறு புடைப்புத் தெரிந்தால், "எங்கோ இடித்துக்கொண்டது" என்று மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். ஆபத்து அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

இது ஆக்டினோமைசஸ் போவிஸ் என்ற பாக்டீரியாவால் வரும் நாள்பட்ட நோய். ஜெர்மனியில் 1877ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. இக்கிருமி மாட்டின் வாயிலேயே வாழ்கிறது. முள்ளோ முரட்டுத் தீவனமோ வாயைக் கீறினால், அல்லது பல் முளைக்கும்போது, அந்தப் புண் வழியே எலும்புக்குள் இறங்கிவிடும். எலும்பு தேன்கூடுபோல் அரிக்கப்பட்டு வெளியே பருக்கும். பல் ஆடும், மாடு மெல்ல முடியாமல் மெலியும், பால் குறையும். கட்டி உடைந்தால் மஞ்சள் மணல்போன்ற துகள்களோடு சீழ் வடியும்.

எப்படி அடையாளம் காண்பது? சாதாரண சீழ்க்கட்டி அழுத்தினால் மெத்தென்றிருக்கும். இதுவோ எலும்போடு ஒட்டி, கல்போல் அசையாமல் இருக்கும். 2021இல் மலேசியாவுக்குள் வந்த தோல் கழலை நோய் வேறு. அது வைரஸால் வருவது.

சிகிச்சை உண்டு. கால்நடை மருத்துவர் சோடியம் அயோடைடு மருந்தை எடைக்கேற்ப நரம்பில் செலுத்துவார். 7 முதல் 10 நாள் இடைவெளியில் மீண்டும் கொடுப்பார். பெனிசிலின் போன்ற மருந்துகளும் சேர்வதுண்டு. கண்ணீர் வடிந்து, தோலில் பொடுகு உதிர்ந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது அயோடின் மிகுந்ததன் அறிகுறி. மாடு சினையாக இருந்தால் முன்பே தெரிவிக்க வேண்டும். மருத்துவர் சொல்லும் நாள்வரை பாலை விற்கக்கூடாது.

ஓர் உண்மையை மறைக்கலாகாது. பருத்த எலும்பு பழைய வடிவத்துக்குத் திரும்புவது அரிது. சிகிச்சை பெரும்பாலும் நோய் மேலும் வளராமல் தடுக்கிறது. ஆகவே தொடக்கத்தில் காட்டிய மாடு பல ஆண்டு கறக்கும். பல் ஆடிய பிறகு காட்டினால், விற்பதா வைத்திருப்பதா என்ற கேள்விதான் மிஞ்சும். கத்தியால் கீறிப் பார்ப்பது கூடவே கூடாது.

சீழ் வடியும் மாட்டைத் தனியே கட்டி, தனித் தொட்டியில் தீனி வைக்க வேண்டும். செம்பனை மட்டையைத் தீவனமாக்கினால் முள்ளை நீக்கி, பொடியாக நறுக்கிக் கொடுக்க வேண்டும். கம்பித் துண்டுகளை மேய்ச்சல் நிலத்திலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டும்.

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசும் கை, வாரம் ஒருமுறை தாடையையும் தடவிப் பார்க்கட்டும். கல்போன்ற புடைப்பு தட்டுப்பட்டால், அன்றே மாவட்டக் கால்நடை இலாகாவுக்குத் தகவல் போகட்டும்.