லென்ஸா, பாடியா? ஏரிக்கரைப் படக்காரர்களுக்கு ஒரு கணக்கு

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில், புகைப்பட ஆர்வலரான குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



நம் குடியிருப்பில் கேமரா வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோரிடம் இருப்பது ஏறக்குறைய ஒரே செட்தான். ஆரம்ப நிலை டி.எஸ்.எல்.ஆர். ஒன்று, அதோடு வந்த 18-55 லென்ஸ், பிறகு வாங்கிய 55-250 அல்லது 70-300. குழந்தை பிறந்தபோதோ, சுற்றுலாவுக்கு முன்போ வாங்கியிருப்போம். அப்புறம் காலை நடைக்குப் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் போக ஆரம்பித்ததும், நீர்க்காகமும் கூழைக்கடாவும் கண்ணில் பட்டன. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் பறவை கடுகு மாதிரி இருக்கிறது. அங்கே தொடங்குகிறது கேள்வி: "சார், கையில் ஒரு லட்சம் சேர்ந்திருக்கு. 600 மி.மீ. லென்ஸ் வாங்கட்டுமா, புது மிரர்லெஸ் பாடி வாங்கட்டுமா?"

ஒரு லட்சம் என்பது நம்மில் பலருக்குப் போனஸ் பணம். சிலருக்கு ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதி. வீட்டில் சம்மதம் வாங்கி ஒரு தடவை செலவழிக்கப்போகிற பணம். அதனால் "இரண்டும் முக்கியம்தான்" என்று பட்டும் படாமலும் சொல்ல மாட்டேன். நம் பக்கத்து ஏரிகளில் பறவைப் படம் எடுக்கிறவருக்கு, பத்தில் எட்டுப் பேருக்கு முதலில் லென்ஸ், பிறகுதான் பாடி என்பது என் கருத்து. அந்த மீதி இரண்டு பேர் யார் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு வேலை. செலவில்லாத வேலை. இன்று வீட்டுக்குப் போனதும், கடந்த ஆறு மாதத்தில் எடுத்துச் சரியாக வராத படங்களில் நூறை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். பறவை தெளிவாக இருக்கிறது, ஆனால் சின்னதாக இருக்கிறது என்பது ஒரு குவியல். பறவை போதுமான அளவில் இருக்கிறது, ஆனால் ஃபோகஸ் பின்னால் உள்ள நாணலில் போய் நின்றுவிட்டது அல்லது பறக்கும்போது தப்பிவிட்டது என்பது இரண்டாவது குவியல். மொத்தப் படமும் அசைந்திருக்கிறது, அல்லது வெயிலில் வெளிறிப்போயிருக்கிறது என்பது மூன்றாவது. முதல் குவியலுக்கு மருந்து லென்ஸ். இரண்டாவதற்குப் பாடி. மூன்றாவதற்கு இரண்டும் மருந்தல்ல. அதற்குப் பழக்கமும் நேரமும்தான் வேண்டும்.

இப்போது கணக்கு. பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

வெண்மார்பு மீன்கொத்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்; நம் மின்கம்பியிலேயே வந்து உட்காரும். அலகிலிருந்து வால்வரை சுமார் 28 செ.மீ. அது நமக்கு 28 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தன் நீளத்தைப் போல நூறு மடங்கு தூரம். அப்படியானால் லென்ஸின் குவியத் தூரத்தில் நூறில் ஒரு பங்குதான் சென்சாரின் மேல் விழும் பறவையின் நீளம். 250 மி.மீ. லென்ஸில் 2.5 மி.மீ. 600 மி.மீ. லென்ஸில் 6 மி.மீ. நம்மிடம் உள்ள ஏ.பி.எஸ்.-சி. சென்சாரின் அகலம் கேனானில் 22.3 மி.மீ., நிகானில் 23.5 மி.மீ. அதாவது பழைய லென்ஸில் பறவை படத்தின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. புதிய லென்ஸில் கால் பங்குக்கும் மேல்.

இதையே பிக்சலில் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேனான் பாடியில் அகலவாக்கில் 6000 பிக்சல். 250 மி.மீ. லென்ஸில் மீன்கொத்திக்குக் கிடைப்பது ஏறக்குறைய 670 பிக்சல். லென்ஸை மாற்றாமல், 32.5 மெகாபிக்சல் உள்ள கேனான் ஆர் 7 பாடியை வாங்கினால் 780. லட்சத்தைச் செலவழித்து நூற்றுப் பத்து பிக்சல் கூடியிருக்கிறது. பாடியை மாற்றாமல் 600 மி.மீ. லென்ஸ் போட்டால் 1600-ஐத் தாண்டுகிறது. சிறகின் நீலமும் அலகின் சிவப்பும் தனித்தனியாகத் தெரிவது அங்கேதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "ஃபுல் ஃபிரேமுக்கு மாறினால் தரம் கூடும்" என்று கடையில் சொல்வார்கள். பல விஷயங்களில் அது உண்மை. ஆனால் தூரத்துப் பறவைக்கு? 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் அதே 6000 பிக்சல் 36 மி.மீ. அகலத்தில் பரவியிருக்கிறது. அதே 250 மி.மீ. தூரத்தில் நம் மீன்கொத்திக்குக் கிடைப்பது 420 பிக்சலுக்கும் குறைவு. பணம் கொடுத்துப் பறவையைச் சின்னதாக்கிக்கொண்ட மாதிரி. லென்ஸ் வாங்கப் பணம் மிச்சமில்லை என்றால் ஃபுல் ஃபிரேம் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

பாடியும் லென்ஸும் தனித்தனிப் பொருள்கள், தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ள வேண்டியவை என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு முன்னோடி உண்டு. மா. கிருஷ்ணன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். இந்தியாவின் மிகச் சிறந்த காட்டுயிர் எழுத்தாளர்களில் ஒருவர். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைப் படங்கள் புகழ்பெற்றவை. 1970-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் கையில் இருந்தது கடையில் வாங்கிய ஒற்றை கேமரா அல்ல. ஒரு நிறுவனத்தின் பாடி, இன்னொரு நிறுவனத்தின் டெலி லென்ஸ், வேறு எங்கிருந்தோ மற்ற பாகங்கள் என்று தானே பொருத்திக்கொண்ட கனமான கருவி. அதற்கு அவர் வைத்த செல்லப்பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. புது மாடல் வந்ததா என்று பார்க்காமல், இந்த விலங்கை இந்தத் தூரத்தில் எடுக்க எனக்கு எது வேண்டும் என்று பார்த்த மனிதர். நாமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

லென்ஸ் முதலில் என்பதற்கு இன்னொரு காரணம் ஆயுள். டாம்ரான் நிறுவனத்தின் முதல் 150-600 லென்ஸ் 2013-இல் அறிவிக்கப்பட்டது. சிக்மா 150-600 அடுத்த ஆண்டு. நிகான் 200-500 வந்தது 2015-இல். நன்றாகப் பராமரித்தவர்களிடம் இவை இன்றும் வேலை செய்கின்றன. அதே காலத்துப் பாடிகள் எத்தனை தலைமுறை பழசாகிவிட்டன என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, பாடி வாங்க வேண்டிய அந்த இரண்டு பேர் யார்?

ஒருவர், ஏற்கெனவே 400 மி.மீ. அல்லது அதற்கு மேல் வைத்திருந்து, பறக்கும் பறவையைத் துரத்துகிறவர். கேனான் 1300டி, 1500டி போன்ற பாடிகளில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள்தான். நொடிக்கு மூன்று படம். ஆலா தண்ணீரில் பாயும் அந்த நொடிக்கு அது போதாது. 2022-இல் வந்த ஆர் 7 பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடர்கிறது. மெக்கானிக்கல் ஷட்டரிலேயே நொடிக்கு 15 படம். இங்கே பாடிதான் வித்தியாசம்.

இன்னொருவர், விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் போக முடிகிறவர், ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி ஏற்றிப் படம் முழுக்க மணல் தூவின மாதிரி ஆகிறவர். அவருக்குப் புதிய சென்சார் உதவும். அதோடு, 600 மி.மீ.யில் இந்த ஜூம் லென்ஸ்களின் அப்பர்ச்சர் பொதுவாக எஃப் 6.3 தான் என்பதையும் அவர் நினைவில் வைக்க வேண்டும். வெளிச்சம் கூடாது, கொஞ்சம் குறையவே செய்யும்.

பள்ளி ஆண்டு விழா, வீட்டு விசேஷம் படம்தான் உங்கள் குறை என்றால், இரண்டுமே வேண்டாம். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். மீதிப் பணத்தை வங்கியில் போடுங்கள்.

மூன்றாவது குவியலை மறந்துவிடாதீர்கள். 600 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தால் ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். பறவை அசைவதை அல்ல. லென்ஸின் எடை ஏறக்குறைய இரண்டு கிலோ. மோனோபாட் ஒன்று சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வெயில் ஏறிய பிறகு ஏரிக்கு மேல் காற்றே அலைகிறது. தார்ச் சாலையில் கானல் தெரிகிற மாதிரிதான். அந்த நேரத்தில் எந்த லென்ஸும் தெளிவான படம் தராது. லென்ஸ் நீள நீள அலைவும் பெரிதாகத்தான் தெரியும். காலை ஏழு மணியை விட்டுவிட்டுப் பத்து மணிக்குப் போனால் புது லென்ஸைக் குறை சொல்லாதீர்கள்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. கேனானும் நிகானும் 2018-இல் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் வரிசைகளைத் தொடங்கிவிட்டன. டி.எஸ்.எல்.ஆர். லென்ஸை அடாப்டர் வழியாக அந்த நிறுவனத்தின் மிரர்லெஸ் பாடியில் போடலாம். மிரர்லெஸ் லென்ஸை டி.எஸ்.எல்.ஆரில் போட முடியாது. எனவே இன்றைய பாடிக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ், இரண்டு மூன்று வருடம் கழித்து மிரர்லெஸ் பாடி, நடுவில் ஓர் அடாப்டர் என்பது நியாயமான வழி. டாம்ரான், சிக்மா லென்ஸ்கள் அடாப்டரோடு சரியாக ஒத்துழைக்கின்றனவா என்பதை மட்டும் வாங்குமுன் போட்டுப் பார்த்துவிடுங்கள். நிகானில், பாடிக்குள் இருக்கும் மோட்டாரை நம்பும் பழைய ஏ.எஃப். லென்ஸ்களுக்கு எஃப்.டி.இசட். அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் கிடையாது.

செகண்ட் ஹேண்ட் லென்ஸென்றால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. பேரமே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். உங்கள் பாடியைக் கையோடு எடுத்துப் போய், கிட்டத்திலும் தூரத்திலும் ஃபோகஸ் பிடிக்கிறதா என்று பாருங்கள். பில்லில் உள்ள எண்ணும் லென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வாங்கிய பிறகு பீரோவிலோ தோல் பையிலோ அடைத்து வைக்காதீர்கள். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு, காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதமானியும் போதும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன், அந்த லென்ஸை ஒரு சனி ஞாயிறு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். இரண்டு கிலோவைத் தூக்கி நடக்க நம் தோள் சம்மதிக்கிறதா என்பது கடையில் தெரியாது.

இனி, இந்தச் சங்கத்தில் சொல்லியே ஆக வேண்டிய இரண்டு விஷயங்கள்.

ஒன்று, லென்ஸ் எங்கே திரும்புகிறது என்பது. நம்மைச் சுற்றி ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், விமானப்படைத் தளம் எல்லாம் இருக்கின்றன. படம் எடுக்கத் தடை என்ற பலகை உள்ள இடத்தில் பருந்தைத்தான் எடுத்தேன் என்று காவலரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பையை விட்டு கேமராவை எடுக்காதீர்கள். அதேபோல், நம் பால்கனியில் நின்று எதிர் பிளாக் பக்கம் 600 மி.மீ. லென்ஸைத் திருப்பினால், குயிலைத் தேடுகிறோம் என்று அந்த வீட்டுப் பெண்களுக்கு எப்படித் தெரியும்? மரத்தின் பின்னால் ஜன்னல் இருந்தால் அந்தப் படம் வேண்டாம். மொட்டை மாடிக்குப் போய் எடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, தூரம். நீண்ட லென்ஸ் வாங்குவதற்கு என்னைக் கேட்டால் இதுதான் முதல் காரணம். லென்ஸ் போதாதவர் நடந்து கிட்டே போகிறார். கூட்டுக்குக் கிட்டே போகப் போக, தாய்ப்பறவை எழுந்து பறக்கிறது. முட்டை வெயிலில் கிடக்கிறது, காகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுதல் என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. வேடந்தாங்கலில் கரையில் நின்று பார்க்கிறோம். யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. நம் அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம் ஏரிகளில் தடுக்க ஆளில்லை என்பதால் நாணலுக்குள் இறங்கலாம் என்றாகிவிடாது. பறவை தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கத் தொடங்கினால், அதுதான் எல்லை. அதற்குமேல் லென்ஸ்தான் போக வேண்டும், கால் போகக் கூடாது.



உரைக்குப் பிறகு கேட்கப்பட்ட இரண்டு கேள்விகள்

கேள்வி: 250 லென்ஸோடு டெலிகன்வர்ட்டர் போட்டால் செலவு குறையுமே?

பதில்: குறையும், பலனும் குறையும். 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும். 2 மடங்கு, இரண்டு ஸ்டாப். எஃப் 5.6 லென்ஸ் எஃப் 8 ஆகிவிட்டால் ஆரம்ப நிலை டி.எஸ்.எல்.ஆர்.களில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும் அல்லது நின்றே போகும். அதுமட்டுமல்ல, கிட் ஜூம் லென்ஸ்கள் பலவற்றில் கன்வர்ட்டர் பொருந்தவே பொருந்தாது. விலை உயர்ந்த பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கான பொருள் அது.

கேள்வி: எனக்கு வயது எழுபது. இரண்டு கிலோ தூக்க முடியாது. என்ன செய்வது?

பதில்: ஐயா, உங்களுக்கு லென்ஸும் வேண்டாம், பாடியும் வேண்டாம். 2018-இல் வந்த நிகான் பி 1000 போன்ற, லென்ஸ் கழற்ற முடியாத கேமராக்கள் இருக்கின்றன. 3000 மி.மீ.க்குச் சமமான ஜூம், எடை சுமார் 1.4 கிலோ. அதன் தம்பி பி 950 எடை இன்னும் குறைவு. சென்சார் சிறியது, அந்தி வெளிச்சத்திலும் பறக்கும் பறவைக்கும் திணறும். ஆனால் நல்ல வெளிச்சத்தில், எதிரே உட்கார்ந்திருக்கும் பறவை எது என்று அடையாளம் கண்டு பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட, தாராளமாகப் போதும்.