ரோமாபுரியும் மயிலாப்பூரும்: மேற்கிலிருந்து ஒரு பார்வை



மயிலாப்பூரின் பழமையைப் பேச ஆவடிக்கு ஏன் வர வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். ரோமானியரின் கப்பல் வணிகம், தோமையார் கல்லறை, போர்த்துக்கீசியர் கோட்டை என எல்லாமே கடலோரத்துச் செய்திகளாகத்தான் நமக்குச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் துறைமுகம் தனியாகப் பிழைப்பதில்லை. அதற்குச் சரக்கும் தண்ணீரும் வழியும் உள்நாட்டிலிருந்து வந்தாக வேண்டும். கூவம் புறப்படுவது திருவள்ளூர்ப் பக்கத்தில். அது பூந்தமல்லி, திருவேற்காட்டுப் பக்கமாக ஓடித்தான் கடலைத் தொடுகிறது. கடற்கரையில் நின்று மேற்கே பார்ப்பவர்களுக்குத் தெரியாத சில செய்திகள் இங்கே நின்று கிழக்கே பார்த்தால் தெரியும். அவற்றைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி தம்முடைய புவியியல் நூலில் ‘மலியர்பா’ என்று ஓர் ஊரைக் குறிக்கிறார். அது மயிலாப்பூர்தான் என்று ஆய்வாளர் பலரும் கொள்கிறார்கள். நம் மாம்பலத்து மண்ணில் முத்திரைக் காசுகளோடு சேர்ந்து அகஸ்தஸ் காலத்து ரோமானியக் காசு ஒன்றும் கிடைத்திருக்கிறது. தி.நகரில் துணி எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? திருவள்ளூரைத் தாண்டிக் கொசஸ்தலையாற்றங்கரையில் இருக்கிறது பட்டரைப்பெரும்புதூர். அங்கே தமிழ்நாடு தொல்லியல் துறை 2015-16இல் அகழாய்வு செய்தது. கற்கருவிகளும், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறும் வெளிவந்தன. எழுதத் தெரிந்தவர்கள், ஊற்று நீரை மண் சரியாமல் காக்கத் தெரிந்தவர்கள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். கப்பல் வணிகம் நடந்த காலத்தில் நம் மேற்குப் பகுதி வெறும் காடாகக் கிடக்கவில்லை.

ரோமானிய வணிகம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்த சிவப்புக் கிண்ணங்களின் ஓடுகள் கிடைத்தன. கூடவே உட்புற அடியில் சிறு சிறு பள்ளங்கள் வட்ட வட்டமாகப் பதிந்த, மெல்லிய சாம்பல் நிறத் தட்டுகளும் ஏராளமாகக் கிடைத்தன. இவற்றின் வேலைப்பாட்டையும் அவர் மத்தியதரைக் கடலோடு சேர்த்தே வைத்தார். ஐம்பது ஆண்டுகள் பாடநூல்கள் அதையே சொல்லின. பிறகு விமலா பெக்லி முதலானோர் மறுபடியும் ஆராய்ந்தார்கள். களிமண்ணின் கனிமக் கலவையைச் சோதித்தபோது வங்காளத்துக் கங்கைச் சமவெளிப் பக்கமே விரல் நீண்டது. ‘ரோமானியத் தட்டு’ நம் நாட்டுக் குயவர் கைவேலை!

சாடிகளின் கதை இதைவிடச் சுவையானது. மதுவும் எண்ணெயும் அடைத்து வந்த ‘அம்போரா’ என்னும் கூர்அடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் இந்தியக் கடற்கரையில் பல ஊர்களில் கிடைக்கின்றன. கல்பாக்கத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் 1970இல் நம் தொல்லியல் துறை செய்த அகழாய்விலும் இத்தகைய ஓடுகள் கிடைத்தன. இந்தியாவெங்கும் ‘ரோமானியச் சாடி’ என்று எழுதிப் பெட்டியில் வைத்திருந்த ஓடுகளை ரொபெர்ட்டா டொம்பர் என்ற ஆய்வாளர் ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தார். அவற்றில் ஒரு பகுதிக்குக் கைப்பிடி இருந்த சுவடே இல்லை. உள்ளே பூசியிருந்ததும் மரப்பிசின் இல்லை, கறுத்த நிலக்கீல். அவை மெசொப்பொத்தேமியாவிலிருந்து, பாரசீக வளைகுடா வழியாக வந்தவை என்று 2007இல் எழுதினார். பிற்காலத்துச் சாடிகளில் இப்படிப்பட்டவை அதிகம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரோம் என்ற பெரிய பெயரின் நிழலில் வேறு பல கைகள் மறைந்திருக்கின்றன. பானையில் கண்ட இதே செய்தியை நம் ஊர்க் கிறிஸ்தவ வரலாறும் சொல்கிறது.

புனித தோமையார் மயிலாப்பூரில் வேதசாட்சியாக மரித்தார் என்பது பழைய மரபு. ‘தோமா பணி’ என்ற நூல் 3ஆம் நூற்றாண்டில், ரோமில் அல்ல, சிரிய மொழி வழங்கிய எதெஸ்ஸா வட்டாரத்தில் எழுந்தது. மரபை நம்புவோரும் உண்டு, சான்று போதாது என்போரும் உண்டு. ஆனால் பறங்கிமலையில் இருக்கும் கற்சிலுவையை யாரும் மறுக்க முடியாது. 1547இல் போர்த்துக்கீசியர் மலை மேல் கோயில் கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது அது கிடைத்தது. நேரில் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். கைகளின் நுனி மொட்டாக விரிகிறது. மேலிருந்து புறா ஒன்று இறங்குகிறது. அடியில் படிகளும் இதழ்களும். சுற்றி வளைந்து ஓடும் வரியில் எழுத்துகள். பதினாறாம் நூற்றாண்டில் ஒரு பண்டிதரை வரவழைத்து வாசிக்கச் சொன்னபோது, அவர் தோமையாரின் வரலாற்றையே அதில் வாசித்துச் சொன்னாராம். 1873இல் ஆர்தர் பர்னெல் அது பாரசீகத்துப் பகலவி எழுத்து என்று எடுத்துக்காட்டினார். ஏழு, எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்பது பெரும்பாலோர் கணிப்பு. அதாவது, போப்பாண்டவரின் ஆணை இந்தக் கரைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீகச் சபையார் இங்கே செபம் செய்திருக்கிறார்கள். நிலக்கீல் பூசிய சாடிகள் வந்த அதே வளைகுடாக் கடல்வழிதான் அவர்களுக்கும் வழி.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தோமையார் கல்லறையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் அங்கே வந்து வணங்கினார்கள் என்கிறார். புனிதர் மரித்த இடத்துச் செம்மண்ணைக் கொண்டுபோய்க் காய்ச்சல்காரர்களுக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்களாம். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் மதம் பாராமல் போகிற நமக்கு இது புதிதாகவா இருக்கிறது?

போர்த்துக்கீசியர் 1523 வாக்கில் கல்லறையைத் திறந்து கோயில் எழுப்பினார்கள். 1606இல் ஐந்தாம் சின்னப்பர் என்ற போப்பாண்டவர் மயிலை மறைமாவட்டத்தை அமைத்தார். ரோமும் மயிலாப்பூரும் சட்டப்படி சேர்ந்த ஆண்டு அது. இன்று நாம் பார்க்கும் சாந்தோம் பேராலயம் 1896இல் முடிந்த கட்டடம், 1956இல் பசிலிக்கா ஆனது. இவை கையேடுகளில் இருக்கும் செய்திகள் என்பதால் விரைந்து கடக்கிறேன்.

கடக்க முடியாதவர் ஒருவர் உண்டு. தத்துவ போதகர் என்று மதுரை மக்கள் அழைத்த இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நொபிலி. அவர் ஏற்றுக்கொண்ட குடுமியும் பூணூலும் சந்தனமும் கிறிஸ்தவர்களுக்கு ஆகுமா என்ற வழக்கு கோவாவில் எழுந்து ரோம் வரை போனது. 1623 ஜனவரி 31இல் பதினைந்தாம் கிரகோரி போப்பாண்டவர், சில நிபந்தனைகளோடு, அவருக்குச் சாதகமாக ஆணை விடுத்தார். தமிழ்நாட்டு வழக்கம் ஒன்று ரோமின் அவையில் வாதிட்டு வென்றது என்றே நான் இதைப் படிக்கிறேன். ஆனால் அந்த வெற்றி மேல்சாதி அடையாளங்களுக்குக் கிடைத்த அனுமதியாகவும் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கண் பார்வை மங்கிய முதுமையில் நொபிலி மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தார். 1656இல் அங்கேயே இறந்தார்.

இனி நம் பூந்தமல்லி. 1662இல் கோல்கொண்டா படை சாந்தோமைப் பிடித்தது. 1672இல் பிரெஞ்சுக்காரர் அதைக் கைப்பற்றி 1674இல் இழந்தார்கள். பிறகு கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. கோல்கொண்டாவின் அதிகாரம் இந்தப் பகுதியில் உட்கார்ந்திருந்த இடம் பூந்தமல்லி. அங்கிருந்த கோல்கொண்டா அதிகாரி லிங்கப்பா வழியை அடைத்தபோது சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் சரக்குக்குத் திண்டாடினார்கள். கடற்கரையில் யார் கொடி பறந்தாலும், கதவின் தாழ்ப்பாள் மேற்கே இருந்தது.

சைதாப்பேட்டையில் மறைமலையடிகள் பாலத்தருகே ஒரு கல் நிற்கிறது. அடையாற்றின் குறுக்கே 1726இல் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிய அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கானின் கல் அது. பறங்கிமலைக்குப் படி கட்டியதும் அவர்தான். பாரசீகம், அர்மீனியம், இலத்தீன் ஆகிய மொழிகளில் எழுத்து. ரோமின் மொழி ஓர் அர்மீனியரின் காசில், பாரசீகத்துக்கு அருகே பொறிக்கப்பட்டு, சென்னைப் புகையில் நிற்கிறது. நான் இவ்வளவு நேரம் சொன்னது முழுவதும் அந்த ஒரு கல்லில் இருக்கிறது. அதைக் கடந்து போகும் பேருந்துகளுக்குக் கணக்கில்லை.

இலத்தீன் பூந்தமல்லிக்கும் வந்தது. சென்னைப் பேராயராக இருந்த சலேசிய சபையின் லூயி மத்தியாஸ் காலத்தில், 1936இல், திரு இருதயக் குருமடம் அங்கே தொடங்கியது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்கள் பூந்தமல்லியில் இலத்தீன் படித்தார்கள். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருப்பலி தமிழுக்கு மாறியது. தமிழில் பூசை வைக்க முதலில் கற்றுக்கொண்ட தலைமுறையும் அதே வகுப்பறைகளில்தான் உருவானது.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். திருநின்றவூர் முதல் திருவள்ளூர் வரை வயல்கள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. அஸ்திவாரக் குழிகளில் என்ன வருகிறது என்று பாருங்கள். சுடுமண் வளையங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிந்தால் அது உறைகிணறாக இருக்கலாம். தோண்டுவதை நிறுத்தச் சொல்லிப் படம் எடுங்கள், வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பழம்பொருளை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிப்பது கடமை. தடித்த சாடி ஓடு கிடைத்தால் முதலில் கைப்பிடி ஒட்டியிருந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்பக்கம் கறுப்பாக ஏதாவது படிந்திருந்தால் அழுக்கு என்று தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். அது மரப்பிசினா நிலக்கீலா என்று ஆய்வுக்கூடம் சொல்லும். அந்தச் சாடி மத்தியதரைக் கடலிலிருந்து வந்ததா, யூப்ரடீஸ் கரையிலிருந்து வந்ததா என்பது அந்தப் பூச்சில் இருக்கிறது.