டிக்கி கதவு மாத்தின கதை

அப்பாவோட 2003 மாடல் கார். டிக்கி கதவோட கீழ் விளிம்புல விரல் வச்சா உள்ள போகுது, அவ்வளவு துரு. "வித்துடலாம்ப்பா"ன்னேன். பதிலே இல்லை.

ரெண்டு தடவை பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சாச்சு. மழை வந்தா துருவும் வந்துடும். ஏன்னா, கதவுக்கு அடியில தண்ணி வடியற ஓட்டை அடைச்சிருந்தது. உள்ளே நின்ன தண்ணி உள்ளிருந்தே அரிச்சிருக்கு. புதுப்பேட்டையில பழைய கதவு வாங்கும்போது அந்த ஓட்டையைத்தான் முதல்ல பார்த்தேன்.

கழட்டும்போது அப்பா தாங்கிப் பிடிச்சார். கேஸ் ராடை எடுத்துட்டா கண்ணாடியோட மொத்த வெயிட்டும் நம்ம தலையில இறங்கும். வாங்கின கதவுக்குள்ள அறுத்துவிட்ட பழைய ஒயர் இருந்தது. அதுல எங்க ஒயரைக் கட்டி இழுத்தேன், வந்துடுச்சு. (ஆபீஸ்ல என் கோடு எதுவும் இப்படி முதல் தடவையே ஓடினதில்லை.)

கார் சில்வர், கதவு வெள்ளை. "பெயின்ட் அடிச்சிடலாமாப்பா?"

"நல்லா மூடுதா? அப்ப விடுடா."