அகதிகளின் மொழிக்கல்வி: செயலி துணை, ஆசிரியர் அடிப்படை

(மைசூருவில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் மைசூருவில் இயங்கி வருகிறது. ஒரு மொழியை அதை அறியாதவருக்குக் கற்பிக்கும் கலை இந்நகரில் அரை நூற்றாண்டாக வளர்ந்துள்ளது. இதே மாவட்டத்தின் பைலகுப்பேயில், 1960இல் அன்றைய மைசூர் அரசு ஒதுக்கிய சுமார் 3,000 ஏக்கர் நிலத்தில், திபெத்திய அகதிகள் காடு திருத்திக் குடியேறினர். அவர்களுக்குக் கன்னடம் முற்றிலும் புதிய மொழி. மொழிக்குடும்பமும் வேறு, எழுத்தும் வேறு.

மொழி அறியாத உழைப்பாளி இடைத்தரகரின் கையில் சிக்குகிறார். கூலிக் கணக்கைச் சரிபார்க்கவும், மருத்துவரிடம் நோயைச் சொல்லவும், அரசு அலுவலகத்தில் மனுக் கொடுக்கவும் அவருக்குப் பிறர் தயவு வேண்டும். திருப்பூர் ஆலைகளில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளியின் நிலையும் இதுவே. எனவே இது வர்க்கப் பிரச்சினையும் ஆகும்.

கைப்பேசி இதற்கு உதவாதா? நிச்சயம் உதவும். திபெத்திய எழுத்து 1996இல் யூனிகோடு தரத்தில் இடம்பெற்றதால், இன்று அதைக் கைப்பேசியில் எழுதவும் படிக்கவும் முடிகிறது. ஆனால் ஒன்றிய அரசின் ‘பாஷினி’ திட்டம் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளை மையமாகக் கொண்டே தொடங்கப்பட்டது. திபெத்தியம் அப்பட்டியலில் இல்லை. தனியார் நிறுவனங்களோ வாங்குவோரின் எண்ணிக்கையைக் கணக்கிட்டே மொழியைத் தேர்கின்றன. சிறுபான்மையினரின் மொழியில் லாபம் இல்லை எனில் பாடமும் இல்லை. இதுவே சந்தையின் இலக்கணம்.

ஜெர்மனியின் அனுபவம் கவனத்திற்குரியது. அகதிகளுக்காக 2016 ஜனவரியில் அங்கு ‘அன்கோமன்’ என்ற இலவசச் செயலி வெளியிடப்பட்டது. அரபு, பாரசீகம் உள்ளிட்ட மொழிகளில், இணைய இணைப்பின்றியும் அது இயங்கியது. ஆயினும் செயலியோடு அந்நாட்டு அரசு நின்றுவிடவில்லை. அரசு நிதியுதவியுடன் நடக்கும் ஒருங்கிணைப்பு வகுப்புகளில் மொழிக்கு மட்டும் 600 பாடவேளைகள் உண்டு. திரை சொல்லைக் காட்டும்; தயங்கும் நாவைத் திருத்திப் பேசவைப்பவர் ஆசிரியரே.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச்சட்டமும் இல்லை. ஆகவே மொழிக்கல்வி உரிமையாகாமல் சலுகையாகவே நிற்கிறது. பதிவுச் சான்றிதழைப் புதுப்பித்து வாழ வேண்டிய ஒருவரிடம், பாடம் கற்பதற்கு அடையாள எண்ணும் குரல்பதிவும் கேட்டால், கற்கும் கருவியே கண்காணிப்புக் கருவியாக மாறும் ஆபத்தும் உண்டு.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. மைசூருவின் மொழி நிறுவனம் திபெத்தியம் வழிக் கன்னடப் பாடங்களைக் கட்டற்ற மென்பொருளில், பொதுச்சொத்தாக உருவாக்க வேண்டும். அவை இணையமின்றி இயங்க வேண்டும். அடையாள எண் கேட்கக் கூடாது. குடியிருப்புகளில் ஊதியம் பெறும் ஆசிரியர்களுடன் மாலை வகுப்புகள் நடக்க வேண்டும். குழந்தைகளின் தாய்மொழிக் கல்விக்கும் அதே கருவிகள் பயன்பட வேண்டும். கன்னடம் கற்பது திபெத்தியத்தை இழப்பதாக ஆகக் கூடாது.

புலம்பெயர்ந்த தொழிலாளர்களிடையே பணியாற்றும் தோழர்கள் இக்கோரிக்கைகளைத் தமிழ்நாட்டிலும் எழுப்ப வேண்டும். தன் கூலியைத் தானே கேட்கும் சொல்வலிமை பெற்ற தொழிலாளியே சங்கத்தின் பலம்.